மழையில் நிற்காத ராலேயும் சுங்கை சிப்புட் சைக்கிள் தவுக்கேயும்

கடைக்குப் பெயர்ப்பலகை உண்டு. ஆனால் வெயிலும் மழையும் தின்றதில் அதில் எந்த மொழி எழுதியிருக்கிறது என்றுகூடச் சொல்ல முடியாது. மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் யாரைக் கேட்டாலும் "சைக்கிள் தவுக்கே கடையா?" என்று கேட்டுவிட்டுக் கையை நீட்டுவார்கள். தவுக்கே என்றால் கடை முதலாளி. பழைய கடை வரிசையில் அஞ்சடி நடைபாதை முழுக்க டயர் தொங்கும் கடை, வேறு அடையாளம் வேண்டாம். நானும் அந்தப் பெயரிலேயே எழுதுகிறேன்.

கைவேலைக்கு ஐந்துக்கு ஐந்து, நேரத்துக்கு ஐந்துக்கு ஒன்று. இதுதான் என் மதிப்பெண். நடந்ததைச் சொல்லாமல் இந்தக் கணக்கு புரியாது. இரும்பு ரிம் போட்ட பழைய சைக்கிளுக்குப் பிரேக் தேடுகிற யாருக்காவது என்னுடைய எட்டு மாத அலைச்சல் ஒரு வாரமாகக் குறையட்டும்.

சைக்கிள் என் அம்மாவுடையது. அம்மா லிந்தாங் சாலைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மிஸ்ஸியாக, அதாவது நர்ஸாக, இருந்தார். பச்சை நிற ராலே, குறுக்குக் கம்பி இல்லாத பெண்கள் சைக்கிள், மூன்று கியர். பின் சக்கரத்தின் நடுவில் ஸ்டர்மி ஆர்ச்சர் என்ற பெயரும், ஏ.டபிள்யூ. என்ற எழுத்தும், பக்கத்தில் 67, 9 என்ற எண்களும் பொறித்திருக்கும். 1967 செப்டம்பரில் செய்த ஹப் என்று அர்த்தம். பழைய ராலே வைத்திருப்பவர்கள் துணியால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துப் பாருங்கள், வண்டியின் வயது அங்கேதான் இருக்கும். அம்மா 1968இல் ஈப்போவில் தவணைக்கு வாங்கினாராம். லயத்தில், அதாவது தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளில், யாருக்காவது வலி கண்டால் ராத்திரியில் டைனமோ வெளிச்சத்தில் இதில்தான் போவார். தோட்டம் செம்பனைக்கு மாறியது, ஆஸ்பத்திரியை மூடினார்கள், நாங்கள் டவுனுக்குப் பக்கம் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு வந்தோம். அம்மா போய் ஆறு வருடம் ஆகிறது. நான் செம்பனை ஆலையில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவள். முட்டி வலிக்கு நடப்பதைவிடச் சைக்கிள் நல்லது என்று டாக்டர் சொன்னதும் ஸ்டோர் ரூமிலிருந்து இதை இறக்கினேன்.

போன அக்டோபரில் ஒரு மத்தியானம். எங்கள் பேராக்கில் அந்த மாதத்து மழையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, மூன்று மணிக்கு மேல் துணி காயப்போட மாட்டோம். பழைய தோட்டத்துக் கோயிலுக்குப் போய்விட்டு இறக்கத்தில் வருகிறேன். கீழே முச்சந்தியில் செம்பனைக் குலை ஏற்றிய லோரி திரும்புகிறது. இரண்டு பிரேக்கையும் முழுக்கப் பிடித்தேன். பிடி கைப்பிடிக் கம்பியைத் தொடும் வரைக்கும் போயிற்று. வண்டி வேகம் குறையவே இல்லை, எண்ணெய் தடவின கையில் தட்டு வழுக்குகிற மாதிரி. லோரியை விட லோங்காங் மேல் என்று பக்கத்துக் கால்வாயில் விட்டேன். முழங்கையில் மூன்று தையல். ராலேக்கு மட்கார்ட் மட்டும்தான் நசுங்கியது.

இரும்பு ரிம்மின் சங்கதி இதுதான். மேலே குரோம் பூச்சு, கண்ணாடி மாதிரி வழவழப்பு. காய்ந்திருந்தால் ஓரளவு பிடிக்கும். நனைந்தால் ரப்பர் பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவில் தண்ணீர் ஒரு தோல் மாதிரி படிந்துவிடும். சக்கரம் சில சுற்று சுற்றி அந்தத் தண்ணீர் வழிந்த பிறகுதான் பிரேக் பிடிக்கும், பிடிக்கும்போது சட்டென்று பிடிக்கும். அந்தச் சில சுற்றுக்குள் லோரி வந்துவிடும். அம்மா மழையில் இறக்கம் தொடங்குவதற்கு முன்னாலேயே பிரேக்கை லேசாக உரசவிட்டபடி வருவார். அந்தக் கீச்சுச் சத்தம் கேட்டால் மிஸ்ஸி வருகிறார் என்று லயத்துக்கே தெரியும். பயந்த சுபாவம் என்று நினைத்திருந்தேன். ரிம்மைத் துடைத்துக்கொண்டு வந்திருக்கிறார் என்பது தையல் போட்ட பிறகுதான் புரிந்தது.

முதலில் தவுக்கே கடைக்குத்தான் போனேன். அவருக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். அவர் அப்பா தோட்டம் தோட்டமாகப் போய்ச் சாமான் விற்றவராம், அதனால் இவர் பேசுவது சுத்தமான லயத்துத் தமிழ், என் அண்ணன் மகன் பேசுவதைவிட நன்றாகவே இருக்கும். முன் சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றினார். பிரேக்கைப் பிடித்தார், விட்டார். ரிம்மில் நகத்தால் ஒரு கோடு இழுத்தார்.

"தங்கச்சி, கட்டை மேலே தப்பு இல்லே. ரிம்மு மேலே தப்பு. மழைக்கு அலுமினிய ரிம்முதான் லா."

கட்டை மாற்ற வந்தவளிடம் சக்கரம் விற்கப் பார்க்கிறார் என்று நினைத்தேன். ஆறு வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒரு ஜோடி கறுப்புக் கட்டை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவரும் வற்புறுத்தவில்லை. அந்த மனுஷனுக்கு வற்புறுத்தத் தெரியாது, அது அவர் வியாபாரத்தின் பெரிய குறை.

கட்டையை நானே மாட்டினேன். இங்கே ஒரு தப்பு செய்தேன், நீங்கள் செய்யாதீர்கள். பழைய மாதிரிக் கட்டை ஒரு தகரக் கூட்டில் உட்காரும். கூட்டின் ஒரு முனை மூடியிருக்கும், மறு முனை திறந்திருக்கும். மூடிய முனை வண்டி போகும் திசையைப் பார்க்க வேண்டும். பிரேக் இருக்கும் இடத்தில் ரிம் முன்னோக்கித்தான் ஓடுகிறது, அது கட்டையையும் முன்னால் இழுக்கும். நான் முன் சக்கரத்து இடப்பக்கம் திருப்பி மாட்டிவிட்டேன். மாரியம்மன் கோயில் வாசலில் பிரேக் பிடித்தபோது கட்டை கூட்டிலிருந்து வழுக்கி வெளியே வந்து பூக்கடை வாளியில் விழுந்தது. பூக்காரம்மா அதை எடுத்துக் கொடுத்து, "சாமிக்கா?" என்று கேட்டார்.

அடுத்தது கொழுந்தனார் வைத்தியம். புதுக் கட்டை கத்துகிறது என்று துரு நீக்குகிற ஸ்பிரேயை ரிம் மேலேயே அடித்துவிட்டார். சத்தம் நின்றது. பிரேக்கும் நின்றது. எண்ணெய் குடித்த ரப்பரை எப்படித் துடைத்தாலும் பழைய நிலைக்கு வராது, அந்த ஜோடி குப்பைக்குப் போயிற்று. சங்கிலிக்கு எண்ணெய் விடும்போதுகூட ரிம் பக்கம் ஒரு துணியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு ஈப்போ. அண்ணன் மகன் சொன்ன ஒரு கடை, பெயர் வேண்டாம். ஏசி போட்ட கடை, காப்பி மெஷின்கூட இருக்கிறது. அங்கிருந்த பையன் வண்டியைப் பார்த்து, "ஆன்ட்டி, இருபத்தாறு இன்ச்தானே, மலை சைக்கிள் அலுமினியச் சக்கரம் போட்டுவிடலாம்" என்றான். இருபத்தாறு என்ற எண்ணை நம்பி ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர், அதனால் விளக்கமாகவே சொல்கிறேன். ராலேயின் டயரில் 26 × 1 3/8 என்று போட்டிருக்கும், பக்கத்தில் சின்னதாக 37-590 என்றும் இருக்கும். அந்த 590தான் டயர் உட்காரும் விட்டம், மில்லிமீட்டரில். மலை சைக்கிளின் இருபத்தாறுக்கு அது 559. வித்தியாசம் 31, அதாவது ரிம் ஒவ்வொரு பக்கமும் பதினைந்தரை மில்லிமீட்டர் உள்ளே போய்விடும். என் பிரேக் கட்டை ரிம்மை விட்டு மேலே டயரைத் தேய்த்துக்கொண்டிருக்கும். ஆலையில் முப்பது வருடம் கணக்கு எழுதியவளுக்கு இந்தக் கழித்தல் கணக்கு கஷ்டமில்லை. வேண்டாம் என்றேன்.

சரி, பிரேக்கையே மாற்றலாமா என்று கேட்டேன். தெக்ட்ரோ ஆர்559 என்ற நீளக்கை பிரேக்கைக் காட்டினான். நல்ல சாமான், ஒத்துக்கொள்கிறேன். இரண்டு முளையில் அசையும், குறைந்த அழுத்தத்தில் நன்றாகப் பிடிக்கும், எட்டும் தூரம் 55 முதல் 73 மில்லிமீட்டர் வரை. பிரேக் போல்ட் துளையின் நடுவிலிருந்து ரிம்மில் கட்டை தொடும் இடத்தின் நடு வரைக்கும் நேராக அளந்தால் உங்கள் வண்டிக்கு எவ்வளவு வேண்டும் என்று தெரிந்துவிடும். எனக்கு 64 வந்தது. பொருந்தும். ஆனால் அது இந்தக் காலத்துப் பிரேக், அதன் நட்டு ஃபோர்க்குக்குள்ளே புதைந்து உட்காரும். பழைய ஃபோர்க்கில் துளை சின்னது, பின்பக்கத்தை 8 மில்லிமீட்டருக்குத் துளைத்துப் பெரிதாக்க வேண்டும். அம்மாவின் வண்டியில் டிரில் வைக்க எனக்கு மனசு வரவில்லை. அப்படி மனத்தடை இல்லாதவர்களுக்கு நல்ல தேர்வுதான். ஆனால் ஒன்று: பிரேக்கை மாற்றினாலும் நனைந்த குரோம் நனைந்த குரோம்தான்.

கடைசியில் அந்தக் கடையில் பிரேக் கேபிள் மட்டும் மாற்றிக்கொண்டு வந்தேன். அதிலும் வினை. மூன்றாவது வாரம், பிரேக்கை இறுக்கிப் பிடித்தபோது பிடிக்குப் பக்கத்தில் கேபிள் உறை படாரென்று வெடித்து, உள்ளே இருந்த கம்பிகள் முள்ளு மாதிரி வெளியே நீட்டிக்கொண்டன. நல்ல வேளை, வீட்டு வாசல். உடைந்த துண்டைத் தவுக்கேயிடம் கொண்டுபோனேன். அவர் தன் பெட்டியிலிருந்து ஒரு துண்டு உறையை வெட்டி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். பிரேக் உறைக்குள்ளே தட்டைக் கம்பி ஸ்பிரிங் மாதிரிச் சுருண்டிருக்கிறது. எனக்குப் போட்டதில் மெல்லிய கம்பிகள் நேர்நேராக நீளவாக்கில் கிடந்தன. அது கியருக்கான உறை. கியர் இழுக்கும் சின்ன இழுப்புக்குத் தாங்கும், பிரேக்கின் அழுத்தத்துக்குக் கம்பிகள் பிளாஸ்டிக்கைப் பிளந்துகொண்டு வெளியே வரும். வெளியே பார்த்தால் இரண்டும் கறுப்பு. பிரேக் உறை பெரும்பாலும் 5 மில்லிமீட்டர், கியர் உறை 4. சந்தேகம் வந்தால் முனையைப் பாருங்கள், மோதிரம் மோதிரமாகத் தெரிந்தால்தான் பிரேக்குக்கு ஆகும்.

தவுக்கே திட்டவில்லை. "ஈப்போவிலே காப்பி நல்லாருந்துச்சா?" என்று மட்டும் கேட்டார்.

இதற்குள் பிரேக் விஷயம் எனக்கு ஒரு பித்தாகிவிட்டது. மழையில் நன்றாகப் பிடிக்கும் என்று எல்லாரும் சொல்லும் கூல்ஸ்டாப் சால்மன் கட்டையை ஷாப்பி இணையக் கடையில் வரவழைத்தேன். தபால் செலவோடு ஒரு ஜோடி 58 வெள்ளி. ஆறு வெள்ளிக் கட்டை பக்கத்தில் இருக்கும்போது இது கை நடுங்குகிற விலைதான். நிறம் செங்கல்லையும் ரோஜாப்பூவையும் அரைத்துக் கலந்த மாதிரி. ரப்பரில் இரும்பு ஆக்சைடு கலந்திருக்கிறார்களாம், அதனால்தான் அந்த நிறம். கறுப்புக் கட்டையைவிட மென்மை, நகம் வைத்தால் தெரியும். பழைய காலத்தில் இங்கிலாந்துக்காரர்கள் இரும்பு ரிம்முக்காகவே தோல் ஒட்டிய கட்டை விற்றார்கள், தண்ணீரைத் துடைக்க. தோல் கட்டையை அலுமினிய ரிம்மில் போடக்கூடாது, மண்ணும் துகளும் தோலில் புதைந்து ரிம்மை அறுத்துவிடும்.

வாங்கினதை நம்பாமல் சோதித்தேன். எங்கள் தாமான் பின்சந்தில் ஒரு இறக்கம். மேலே தண்ணீர்க் குழாய் மூடியிலிருந்து மிதிக்காமல் உருளவிட்டால் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே வேகம்தான் வரும். ஏழாம் நம்பர் வீட்டு லோங்காங் மூடி வந்ததும் இரண்டு பிரேக்கையும் பிடிக்க வேண்டியது, நின்ற இடத்திலிருந்து மூடிக்குத் திரும்பக் காலடி எண்ண வேண்டியது. காய்ந்த ரோட்டில், இரும்பு ரிம்மும் கறுப்புக் கட்டையும்: 6 அடி வைப்பு. மழை விட்ட ஈரத்தில் அதே ஜோடி: 19. ஈரத்தில் சால்மன் கட்டை: 11. என் காலடி விஞ்ஞானம் இல்லை, அன்று ஒரு நாய் வேறு குறுக்கே வந்தது. ஆனாலும் 19க்கும் 11க்கும் நடுவில் ஒரு லோரி நிற்கும்.

பதினொன்றும் எனக்குப் போதவில்லை. வெட்கத்தை விட்டுவிட்டுத் தவுக்கேயிடம் போய், அந்த அலுமினிய ரிம் எவ்வளவு என்று கேட்டேன்.

அவர் ஒரு ஸ்போக்கைத் தட்டினார். "முன்னாடி முப்பத்திரண்டு, பின்னாடி நாப்பது. எண்ணிப் பாரு." எண்ணினேன். உண்மைதான். பழைய ராலேயில் முன் சக்கரத்துக்கு 32 ஸ்போக், பின் சக்கரத்துக்கு 40. இப்போது வரும் ரிம்களில் 36 துளைதான் சாதாரணம், 40 துளை போட்ட 590 அலுமினிய ரிம்முக்கு எங்கே போவது? பின் சக்கரத்தை அப்படியே விடு என்றார். பிரேக் பிடிக்கும்போது உடம்பின் பாரம் முன்னால் சாய்கிறது, அதனால் நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் சக்கரத்துக்குத்தான். பின் பிரேக்கை எவ்வளவு இறுக்கினாலும் பாரம் குறைந்த சக்கரம் வழுக்கத்தான் செய்யும். ஆக முன் சக்கரம் ஒன்று போதும்.

அதற்கும் அவரிடம் வழி இருந்தது. ஜப்பானிலிருந்து கன்டெய்னரில் வரும் பழைய கூடை சைக்கிள்கள் நம் நாட்டில் எல்லா ஊரிலும் விற்கிறார்கள், பார்த்திருப்பீர்கள். அதில் பலவற்றுக்கு இதே 26 × 1 3/8 சக்கரம், இதே 590. சட்டம் முறிந்த ஒன்றின் முன் சக்கரம், அலுமினிய ரிம்மோடு, கடைப் பின்புறம் தொங்கியது. இறக்குவதற்கு முன்னால் ரிம்மின் பக்கவாட்டில் நகத்தை மேலும் கீழும் ஓட்டினார், எனக்கும் ஓட்டிக் காட்டினார். அலுமினிய ரிம் தேயும். கட்டை தேய்த்துத் தேய்த்து நடுவில் குழி விழுந்திருந்தால் அந்த ரிம் வேண்டாம், ஒரு நாள் காற்றின் அழுத்தத்துக்கே வெடித்துப் பிரியும். இது தட்டையாக இருந்தது. சக்கரம் 45 வெள்ளி, வேலைக்கூலி 20.

(இந்த இடத்தில் தாத்தா கதை ஒன்று. 1941 டிசம்பர் கடைசியில் ஜப்பான்காரன் ஈப்போவை நோக்கி இந்தச் சடக்கில்தான் சைக்கிளில் வந்தான். டயர் வெடித்தாலும் ஒட்டுப்போட நிற்காமல் வெறும் ரிம்மிலேயே ஓட்டினானாம், ராத்திரியில் அந்தச் சத்தம் டாங்கி வருவது போலக் கேட்குமாம். தவுக்கேயிடம் சொன்னேன். "அது இரும்பு ரிம்மு. இதிலே ஓட்டிடாதே" என்றார்.)

வேலையைப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். அச்சு ராலே ஃபோர்க்குக்குக் கொஞ்சம் அகலம், இரண்டு பக்கமும் ஒவ்வொரு வாஷரை எடுத்ததும் உட்கார்ந்தது. சக்கரத்தின் கோட்டத்தை ஃபோர்க்கில் வைத்தே எடுத்தார், கட்டை உரசும் சத்தத்தைக் காதால் கேட்டு, ஸ்போக் சாவியைக் கால் திருப்பு, அரைத் திருப்பு. பிறகு அம்மாவின் பழைய பிரேக்கைக் கழற்றி நடு போல்ட்டில் மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினார். முன்னால் இரண்டு நட்டு இருக்கிறது பாருங்கள், அதில் உள் நட்டை இறுக்கிக்கொண்டே வந்து, பிரேக்கின் கைகள் இரண்டும் ஆடாமல், ஆனால் இலகுவாக விரிந்து மூடும் இடத்தில் நிறுத்தி, வெளி நட்டால் பூட்டினார். ஒரு பக்கக் கட்டை மட்டும் உரசினால் பலர் ஸ்பிரிங்கை வளைப்பார்கள். இவர் ஃபோர்க்கின் பின்னாலிருக்கும் நட்டைத் தளர்த்தி, மெல்லிய ஸ்பேனரால் மொத்தப் பிரேக்கையும் ஒரு நூல் திருப்பி நடுவில் கொண்டுவந்து மறுபடி இறுக்கினார். கேபிளைப் பூட்டும்போது இரண்டு கட்டையும் ரிம்மைப் பிடித்திருக்க வேண்டும், மூன்றாவது கைக்கு எங்கே போவது? ராஃபியா கயிற்றால் இரண்டையும் சேர்த்துக் கட்டிவிட்டார்.

என்னை வாய் பிளக்க வைத்தது அடுத்தது. சட்டைப் பையிலிருந்து பழைய நாலு நம்பர் லாட்டரிச் சீட்டு ஒன்றை எடுத்து மடித்து, கட்டையின் பின் முனைக்கும் ரிம்முக்கும் நடுவில் செருகினார். கட்டையின் முன் முனை ரிம்மில் முதலில் படவேண்டும், பின் முனை ஒரு மில்லிமீட்டர் விலகியிருக்க வேண்டும். பிரேக் பிடிக்கும்போது கைகள் கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும், அப்போது கட்டை முழுவதும் சமமாகப் படியும். இப்படிச் சாய்வு இல்லாவிட்டால்தான் பிரேக் கத்துகிறது. இந்தக் காலத்துக் கட்டைக்குக் குழிவான வாஷர் வரும், சாய்ப்பது சுலபம். பழைய இரும்புக் கைக்கு அது கிடையாது, ஸ்பேனரைக் கொண்டு கையையே ஒரு இழை முறுக்கினார். சீட்டு செருகியிருந்த பக்கத்தை எட்டிப் பார்த்து, "இந்த நம்பர் இப்பதான் ஒரு வேலைக்கு ஆச்சு" என்று அவரே சிரித்தார். கொழுந்தனார் ஸ்பிரே அடித்துத் தீர்க்க நினைத்த சத்தத்துக்கு இவ்வளவுதான் மருந்து.

கட்டையின் உயரத்தையும் நானே சரிபார்க்கச் சொன்னார். மேலே டயரைத் தொடக்கூடாது, தொட்டால் டயரின் பக்கச்சுவரை அறுத்துவிடும். கீழே ரிம்மை விட்டுத் தொங்கவும் கூடாது, தொங்கினால் கட்டையில் உதடு மாதிரி ஒரு விளிம்பு தேயாமல் நின்று ரிம்முக்கு அடியில் மாட்டிக்கொள்ளும்.

அடுத்த மழைக்குப் பின்சந்தில் மறுபடி காலடி. ஈரத்தில், முன்னால் அலுமினிய ரிம், இரண்டு பக்கமும் சால்மன் கட்டை: 7. இரண்டாவது முறையும் 7. மூன்றாவது முறை ஏழாம் நம்பர் வீட்டம்மா வெளியே வந்து என்ன தொலைத்துவிட்டீர்கள் என்று கேட்டதால் நிறுத்திக்கொண்டேன்.

பராமரிப்பு பெரிய வேலை இல்லை. சனிக்கிழமை பாசார் போய்வந்ததும் ரிம்மை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைக்கிறேன். அந்த வாசனைக்குத் தோட்டத்து ஆஸ்பத்திரியே வந்து வாசலில் நிற்கும். அலுமினிய ரிம் போட்டால் கட்டையை மாதம் ஒரு முறை பாருங்கள்: மினுமினுவென்று அலுமினியத் துகள் புதைந்திருக்கும். ஊசியால் குத்தி எடுத்துவிட்டு, பளபளப்பாக இறுகிப்போன மேற்பரப்பை உப்புத்தாளில் நாலு இழுப்பு இழுத்தால் போதும். துகளை விட்டுவைத்தால் அதுவே ரிம்மை அரம் மாதிரி ராவும். கட்டையில் வெட்டியிருக்கும் பள்ளம் மறையும்போது கட்டை முடிந்தது என்று அர்த்தம். பள்ளம் இருந்தாலும் வருடக்கணக்கில் வெயிலில் நின்ற கட்டை கல்லாகிவிடும். ஸ்டோர் ரூமில் அம்மாவின் பழைய கட்டை அப்படித்தான் இருந்தது, தரையில் போட்டால் டக்கென்று சத்தம் கேட்டது. கேபிளில் பூட்டும் போல்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு நூல் அறுந்திருந்தாலும் மாற்றிவிடுங்கள். மற்ற நூல்கள் அதைப் பார்த்துக்கொண்டிருக்காது.

அண்ணன் மகனின் பழைய மலை சைக்கிளையும் ஒரு நாள் தவுக்கேயிடம் கொண்டுபோனேன். அது வி-பிரேக், ஷிமானோ 1996இல் கொண்டுவந்த நீளக்கை வகை. யாரோ அதற்குப் பழைய மாதிரிப் பிடியை மாட்டியிருந்தார்கள். வி-பிரேக்குக்குக் கேபிள் அதிக நீளம் இழுபட வேண்டும், அதற்கென்று தனிப் பிடி இருக்கிறது. பழைய பிடி பாதி தூரம்தான் இழுக்கும். தவுக்கே பார்த்ததும் பிடியை மாற்றினார், 18 வெள்ளி, கதை முடிந்தது.

இனி குறைகள். கடை எப்போது திறக்கும் என்பது தவுக்கேக்கும் அவர் மனைவிக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். காலை பத்துக்குப் போனால் எதிர்க் கோப்பிக் கடையில் உட்கார்ந்திருப்பார், கூப்பிட்டால் குடித்து முடித்துவிட்டுத்தான் வருவார். நாளைக்கு என்றால் மூன்று நாள். என் சக்கரம் நாளைக்கு என்று சொல்லி ஒன்பது நாள் தொங்கியது. ஒரு தடவை நான் விட்டுவிட்டு வந்த பம்பை வேறு யாருக்கோ இரவல் கொடுத்துவிட்டார், இன்னும் வரவில்லை. ரசீது கிடையாது. கார்டு, கைப்பேசிப் பணம் எதுவும் வாங்க மாட்டார். சால்மன் கட்டை மாதிரி நல்ல சாமான் வாங்கி வைக்கச் சொன்னேன். யாரு வாங்குவாங்க என்கிறார். நீங்களே கொண்டுபோனால் முகம் சுளிக்காமல் மாட்டிக் கொடுப்பார், அந்தப் பெருந்தன்மை ஏசி கடைகளில் இல்லை.

பின் சக்கரத்துக்கு 40 துளை ரிம் எங்கேயாவது கிடைத்தால் சொல்லச் சொல்லியிருக்கிறேன். என் நம்பரைச் சுவரில் தொங்கும் காலண்டரில் எழுதிக்கொண்டார், அது போன வருடத்துக் காலண்டர்.

போகிறவர்களுக்கு: வியாழக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலும் சாத்தியிருக்கும். சில்லறை கொண்டுபோங்கள். பழைய கட்டையையும் கேபிளையும் கழற்றிக் கையோடு எடுத்துக்கொண்டு போய் மேசையில் வையுங்கள். போனில் கேட்டால் எல்லாவற்றுக்கும் "இருக்கு, இருக்கு" என்பார்.